வண்டிகிட்ட சொல்லியாச்சு

கீழே வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் ஒரே மகள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்கிறேன். இதற்கு மேல் ஒரு தகப்பன் என்ன செய்ய முடியும்? நம்பாதவர்கள் இந்த இடத்திலேயே எழுந்து போய்விடலாம், எனக்கு வருத்தமில்லை.

என் மருமகன் ஹெலிகாப்டர் ஓட்டுகிறவர். உயர் அழுத்த மின்கம்பிகள் ஊர் ஊராகப் போகின்றன அல்லவா, அவற்றின் மேலே மின்வாரிய எஞ்சினியரை உட்காரவைத்துக் கொண்டுபோய், எந்தக் கம்பி தொங்குகிறது, எந்தக் கோபுரத்தில் காக்கை கூடு கட்டியிருக்கிறது என்று காட்டுவது அவர் வேலை. ஒருநாள் காலை அப்படிப் போய்க்கொண்டிருந்தபோது வால் விசிறி நின்றுவிட்டது.

ஹெலிகாப்டருக்கு இரண்டு விசிறி. தலைக்கு மேல் இருப்பது தூக்குவதற்கு. வாலில் இருக்கும் சின்னது, பெரியது ஒரு பக்கம் சுற்றும்போது வண்டி எதிர்ப்பக்கம் சுற்றிவிடாமல் பிடித்து வைப்பதற்கு. சின்னது நின்றால் வண்டி பம்பரம். மருமகன் பதறவில்லை. எஞ்சினை அணைத்தார். மேல் விசிறி காற்றில் தானாகச் சுழல, அந்தப் பிடிமானத்தில் மெதுவாக இறக்கினார். இறங்கிய இடம் ஒரு சலவைக்கூடத்தின் கொடிமுற்றம். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் அத்தனையும் ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தன. வண்டி அவற்றைத் தன்மேல் சுருட்டிக்கொண்டு, புடவை சுற்றிய மாதிரி அடக்கமாக உட்கார்ந்தது. விரிப்புகளைப் பிரித்து எடுத்தபோது ஒரு சொட்டு ஈரம் இல்லை. சலவைக்காரர் வாக்குமூலத்தில் சொன்னது இவ்வளவுதான்: "பிழியிற வேலை மிச்சம் சார். அடுத்த தடவை வர்றதுக்கு முன்னாடி சொல்லிட்டு வந்தா போர்வையும் போட்டு வைப்பேன்."

யாருக்கும் அடியில்லை. எஞ்சினியரிடம் மட்டும் சில நாள் அவரைச் சுற்றி நடந்துகொண்டே கேள்வி கேட்டால்தான் பதில் வரும். என் மருமகனின் தலை வகிடு இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் போனது. எந்தச் சீப்புக்கும் இன்றுவரை திரும்பவில்லை.

ஆனால் லைசென்சை வாங்கி வைத்துக்கொண்டார்கள். விசாரணை முடிந்து, தப்பு பைலட் மேல் இல்லை என்று வந்தால் திருப்பிக் கொடுப்பார்கள். பைலட் மேல்தான் என்று வந்தால் அவர் ஆயுசுக்கும் தரையில்தான்.

மகள் வந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

"அப்பா, அவரை வீட்ல வெச்சுக்க என்னால முடியல. ஃபேன் போட்டா ஓடி வந்து அணைக்கிறாரு. மிக்ஸி சத்தத்தைக் கேட்டு, 'இது இன்னும் ரெண்டு சட்னிதான் தாங்கும்'ங்குறாரு."

"தாங்குச்சா?"

"ரெண்டாவது சட்னியில போச்சு. விளையாடாதீங்கப்பா. சாப்பிட உக்காந்தா தட்டை விட்டுட்டு ஜன்னல் வழியா வானத்தையே பாக்குறாரு. அந்த மனுஷனுக்கு வேற வேலையே தெரியாது. ஏதாவது பண்ணுங்க."

பண்ணினேன். விசாரணைக் குழுவுக்கு மூன்றாவது ஆள் கிடைக்காமல் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் லிப்ட் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மேலே போனது கீழே விழுந்தால் ஏன் என்று கேட்டே காலம் தள்ளியவன். லிப்டுக்கும் ஹெலிகாப்டருக்கும் நடுவில் ஒரு கயிறுதானே வித்தியாசம்? பைலட்டோடு ரத்த உறவு உண்டா என்று கேட்டார்கள். ரத்த உறவு இல்லை என்றேன். மருமகன் எப்படி ரத்த உறவு ஆவார்?

குழுவின் தலைவர் ஒரு பழைய பைலட். மீசையின் இரு முனையும் எப்போதும் கிடைமட்டத்தில் நிற்கும். அதைப் பார்த்தே வண்டி சாய்கிறதா என்று கண்டுபிடிப்பாராம். அவரை மீசைக்காரர் என்றே எழுதுகிறேன். இன்னொருவர் உலோகம் படித்த டாக்டரம்மா. உடைந்த போல்ட்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் அது எப்போது உடைந்தது, என்ன வருத்தத்தில் உடைந்தது என்று சொல்லிவிடுவார்.

முதல் நாளே மீசைக்காரர் முடிவு சொன்னார். "பைலட் தப்பு."

"எப்படிங்க?" என்றேன்.

"ஆள் உயிரோட இருக்கான். ஒழுங்கா ஓட்டத் தெரிஞ்சவன் இவ்வளவு சுத்தியிருக்க மாட்டான்."

"செத்திருந்தா?"

"அப்பவும் பைலட் தப்புதான். அதை எதிர்த்துப் பேச ஆள் இருக்காது, அவ்வளவுதான்."

டாக்டரம்மா கண்ணாடியை விட்டு நிமிர்ந்தார். எஞ்சினிலிருந்து வால் விசிறிக்குச் சுழற்சியைக் கொண்டுபோவது ஒரு நீளத் தண்டு. அதன் இணைப்பு அவர் மேசைமேல் கிடந்தது.

"சார், இது உடையல. கழண்டிருக்கு. மரையில ஒரு கீறல் கூட இல்ல. நட்டைக் கையால திருகி வெச்சிருக்காங்க. ஸ்பேனர் படவே இல்ல. பூட்டுக் கம்பியும் சுத்தல."

"பைலட் அதைப் பார்க்க வேண்டாமா?" என்றார் மீசைக்காரர்.

"மேல மூடி இருக்கு சார். மூடினதுக்கு அப்புறம் பைலட்டுக்குத் தெரிய வழியில்ல."

மீசை ஒரு நூல் சாய்ந்தது. ஆனாலும் விடவில்லை. "மெக்கானிக்குங்க இறுக்காம மூடுவாங்களா? காகிதமெல்லாம் சரியா இருக்கே."

காகிதம் சரியாகத்தான் இருந்தது. காகிதத்தில் அந்த ஹெலிகாப்டர் இன்னும் பறந்துகொண்டிருந்தது.

மூவரும் வண்டிக்கொட்டகைக்குப் போனோம். மெக்கானிக்குகள் இரண்டு பேர். ஒருவர் காலையில் வருவார், மற்றவர் மதியம் வருவார். காலைக்காரரின் மகளை மதியக்காரரின் மகன் கட்டியிருந்தான். அதாவது இருவரும் சம்பந்திகள். நாங்கள் போனது வேலை மாறும் நேரம். கொட்டகையில் இன்னொரு ஹெலிகாப்டர் நின்றது. காலைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு அதன் மூக்கைத் தட்டிச் சொன்னார்:

"இந்தாம்மா, பழைய எண்ணெய வடிச்சாச்சு. புதுசு ஊத்தல. ஊத்துறவங்க ஊத்தட்டும்."

மதியக்காரர் மறுபக்கம் நின்று, அதன் வயிற்றைப் பார்த்துப் பதில் சொன்னார்:

"கேட்டியாம்மா? எங்களுக்கு எண்ணெய் ஊத்தத் தெரியாதாம். சொல்லித் தர வந்துட்டாங்க பெரிய மனுஷங்க."

மீசைக்காரர் என் காதில், "ஏதாவது பிரார்த்தனையா?" என்றார்.

எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. நானும் என் சம்பந்தியும் இப்படித்தான். அவர் எங்கள் வீட்டு வாசற்கதவைப் பார்த்துப் பேசுவார்; நான் அவர் குடையைப் பார்த்துப் பதில் சொல்வேன். இருவருக்கும் நடுவில் ஒரு பொருள் இருந்தால் போதும், குடும்பம் நடக்கும்.

காலைக்காரரைத் தனியாகக் கூப்பிட்டேன். "உங்களுக்குள்ள என்ன பிரச்சினை?"

"கல்யாணத்தன்னைக்கு மண்டப வாசல்ல நிக்கிறாரு. பொண்ணைப் பெத்தவன் வர்றேன். 'வாங்க'ன்னு ஒரு வார்த்தை வரல சார் அந்த வாயிலேர்ந்து. அதோட பேச்சு நின்னுபோச்சு."

"விபத்துக்கு முந்தின நாள் வால் தண்டை நீங்கதானே மாட்டினீங்க?"

"மாட்டினேன். அளவா இறுக்குற ஸ்பேனர் சரிபார்க்கப் போயிருந்துச்சு, மதியம்தான் வரும்னாங்க. நட்டைக் கையால திருகிட்டு, மூடியத் திறந்தே வெச்சுட்டுக் கிளம்பிட்டேன்."

"அதைச் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"யார்கிட்ட?"

"வண்டிகிட்ட."

"அவர் பக்கத்துல இருந்தாரா?"

"அந்தப் பக்கமா நின்னாரு. நல்லா சத்தமாவே சொன்னேன். என் மேல குத்தம் வரக்கூடாது பாருங்க."

அடுத்தது மதியக்காரர். அவர் கழுத்தில் சிவப்பாக ஒன்று தொங்கியது. காதை அடைக்கும் கவசம். அது எப்போது வந்தது என்று கேட்டேன்.

"வால் தண்டு மாட்டினதுக்கு முந்தின நாள்தான் சார் குடுத்தாங்க. பாதுகாப்பு வாரம்னு ஒருத்தர் வந்து பேசிட்டு, எஞ்சின் சத்தத்துல காது போயிடும்னு ஆளுக்கொண்ணு குடுத்தாரு. நான் வாசல்லயே மாட்டிட்டுத்தான் உள்ள வருவேன். ரொம்ப நிம்மதியா இருக்கு."

"என்ன நிம்மதி?"

அவர் சம்பந்தி இருந்த திசையை லேசாகப் பார்த்தார். "சத்தம் இல்ல சார்."

"மூடி திறந்திருந்துச்சே. உள்ள வேலை பாக்கி இருக்குன்னு தோணலையா?"

"அவங்க வீட்ல எதையும் பாதியிலதான் சார் விடுவாங்க. பொண்ணுக்கு நகை செய்யக் கொடுத்ததுலேர்ந்து அப்படித்தான். மூடக்கூட வக்கில்லன்னு நெனச்சு நானே மூடிட்டேன்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேக்கறதா?" அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. "நானா? அவரையா?"

எல்லாம் தெளிவாகிவிட்டது, மீசைக்காரருக்குத் தவிர. "சம்பந்தின்னு எல்லாம் அறிக்கையில எழுத முடியாதுய்யா," என்றார். "விபத்துக்குக் காரணம் இயந்திரமா இருக்கணும், வானிலையா இருக்கணும், இல்ல பைலட்டா இருக்கணும். கல்யாண மண்டபமா இருக்கக் கூடாது. நிரூபிச்சுக் காட்டு. இல்லன்னா பைலட்னு எழுதிட்டு வீட்டுக்குப் போறேன்."

தட்டை விட்டு வானத்தைப் பார்க்கும் மருமகன் என் கண்ணில் வந்தார். சரி, மறுபடி நடத்திப் பார்ப்போம் என்றேன்.

இரண்டாவது ஹெலிகாப்டரைத் தரையோடு வடக்கயிற்றால் கட்டினோம். காலைக்காரர் அன்று போலவே கையால் திருகினார். வண்டியிடம் சத்தமாகச் சொன்னார். மதியக்காரர் காதுக் கவசத்தோடு வந்து, அன்று போலவே முகத்தைச் சுளித்துக்கொண்டு மூடியை மூடினார். மருமகன் உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பினார். மீசைக்காரர் பத்திரமாக வேலிக்கு வெளியே பந்தல் நிழலில் நாற்காலி போட்டு, டீ குடித்துக்கொண்டு பார்த்தார்.

வண்டி உறுமியது. வால் நடுங்கியது. மூடி பறந்தது. அதன் பின்னால் ஒரு நட்டு கிளம்பி, கொட்டகையைத் தாண்டி, வேலியைத் தாண்டி, பந்தல் கிழிசல் வழியாக இறங்கி, மீசைக்காரரின் டம்ளரில் விழுந்தது. ஒரு துளி சிந்தவில்லை.

அவர் டம்ளருக்குள் பார்த்தார். டீயைக் கடைசிவரை குடித்தார். பிறகு இரண்டு விரலால் நட்டை எடுத்து டாக்டரம்மாவிடம் கொடுத்தார்.

"பைலட் தப்பு இல்ல," என்றார்.

எஞ்சின் நின்றது. காலைக்காரர் வண்டியின் பக்கத்தில் போய் நின்று, அதனிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "ரெண்டு பேர் செத்திருப்பாங்கம்மா."

மதியக்காரர் கவசத்தைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். வண்டியை அல்ல, அவரை. "வாங்க சம்பந்தி," என்றார். "அந்த இணைப்பைத் திறந்து ஒழுங்கா இறுக்குவோம்."

கல்யாண வாசலில் விட்டுப்போன சொல் ஒருவழியாக வந்து சேர்ந்தது. காலைக்காரர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனார்.

அறிக்கையில் மீசைக்காரர், "பராமரிப்பில் தகவல் இடைவெளி" என்று எழுதினார். சம்பந்திகள் ஒரே வண்டியில் வேலை பார்க்கக் கூடாது என்று ஒரு பரிந்துரையும் சேர்த்தார். பார்த்தே ஆகவேண்டுமென்றால் காதுக் கவசம் ஒருவருக்கும் கிடையாது. மறுநாளே மருமகனுக்கு லைசென்ஸ் திரும்பி வந்தது. சாப்பிடும்போது தட்டைப் பார்க்க ஆரம்பித்தார். மகள் புது மிக்ஸி வாங்கினாள். என் சம்பந்தி மட்டும், "இந்த வீட்ல சிலருக்குக் கொஞ்சம் மூளை இருக்கு போல," என்று எங்கள் வாசற்கதவைப் பாராட்டிவிட்டுப் போனார்.

எனக்கு இருப்பது ஒரே மகன். அவனுக்கும் இன்னும் கல்யாணம் ஆகவில்லை.