ஆகஸ்ட் மாதத்து அரைப்படி

அந்த வீட்டில் ஒரு புத்தகத்தைப் படித்து முடித்தால் மாடிப்படியில் ஒரு படி கூடிவிடும். ஜனவரி முதல் தேதி பதினான்கு படிகள் இருந்தன. டிசம்பர் கடைசியில் ஐம்பத்தொன்று. தெருவிலிருந்து பார்த்தால் மாடி பழைய உயரத்திலேயே நின்றது. அக்டோபரில் அளக்க வந்த சர்வேயர் வெளிச்சுவரில் ஒன்பது அடியும் உள்ளே படிவழியாக இருபத்தாறு அடியும் வருவதைக் கண்டு, படிவத்தில் இரண்டையும் எழுதி, இரண்டின் கீழும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். தபால்காரருக்கு அதில் அதிசயமே இல்லை. "படிக்கிறதும் படி, ஏறுறதும் படி. நம்ம பேச்சே அப்படி இருக்கு, வீட்டைக் குத்தம் சொல்லி என்ன பண்றது?" என்றார்.

கீழே இருந்தவன் லிஃப்ட் மெக்கானிக். ஐம்பத்து நான்கு வயது, டிப்ளமா வாங்கிய கையோடு புத்தகங்களுக்கு ஒரேயடியாக முழுக்குப் போட்டவன். மேலே சமையலறையும் அவனுடைய அக்காவும். ஜனவரியில், ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் காலிசெய்துகொண்டு போன அலுவலகம் லிஃப்டுக்குள்ளேயே நான்கு பெட்டிப் புத்தகங்களை விட்டுப் போனது. யாரும் கேட்டு வராததால் வீட்டுக்குத் தூக்கிவந்தான். மேலாகக் கிடந்ததைச் சும்மா புரட்டியவன் ஞாயிற்றுக்கிழமை அதை முடித்தே விட்டான். திங்கட்கிழமை காலை தேநீரோடு இறங்கிய அக்கா, பாதி வழியில் நின்று, "என்னடா, எண்ணிக்கை தப்புது?" என்றாள். மறுவாரமும் தப்பியது.

புதிய படிகள் எப்போதும் உச்சியில்தான் முளைத்தன, அக்காவின் கதவுக்கு நேர் முன்னால். ஏப்ரல்வரை தேநீர் சூடாக வந்தது. ஜூனில் வெதுவெதுப்பாக. செப்டம்பரில் சுத்தமாக ஆறிப்போய் வந்ததை அவன் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தான். ஊருக்கெல்லாம் லிஃப்ட் மாட்டுகிறவன் தன் வீட்டுக்கு ஒன்று மாட்டக்கூடாதா என்று தெருவில் கேலி பேசினார்கள். மாட்டிப் பார்த்தான், அது சட்டப்படி ஒன்பது அடி ஏறி, படிக்கட்டின் முதல் வளைவில் நின்றுகொண்டது. படிப்பதை நிறுத்தியிருக்கலாம்தான். முடியவில்லை. வாழ்நாள் முழுக்க மற்றவர்களை மேலும் கீழும் அனுப்பிக்கொண்டிருந்தவனுக்கு, தானும் எங்கோ போய்வரலாம் என்பது அந்த வருஷம்தான் தெரிந்தது. அக்காவும் நிறுத்தச் சொல்லவில்லை.

ஆகஸ்டில் முளைத்த படி மட்டும் அரைப்படியாக இருந்தது. மற்றவை ஏழு அங்குலம், இது மூன்றரை. நாள்காட்டியில் அந்தப் புத்தகத்துக்கு நேரே அவன் 'முடித்தாயிற்று' என்று டிக் போட்டிருந்தான். வீடு அதை நம்பவில்லை. கொத்தனார் வந்து சிமென்ட் பூசி உயர்த்தினார். விடிந்தபோது படி பழையபடி மூன்றரை அங்குலத்துக்கு இறங்கியிருந்தது. இரண்டாவது தடவையும் அப்படியே ஆனதும், அவர் கரண்டியைக் கழுவிக்கொண்டு, இது தன் வேலை இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

டிசம்பர் இருபதாம் தேதி அக்கா அந்த அரைப்படியில் கால் பிசகி விழுந்தாள். முழங்கால் வீங்கிவிட்டது. வேறு ஊரிலிருந்த அக்காவின் மகள் போனில் சத்தம் போட்டாள். தன் வீட்டில் ஒரு படிகூடக் கிடையாது, முப்பத்தொன்றாம் தேதி காலை கார் வரும், அம்மா ஏறி வந்துவிட வேண்டும் என்றாள். அக்காவும் சரி என்றாள். போனால் திரும்பி வரமாட்டாள் என்பது அவனுக்குத் தெரியும். பதினோரு நாள் அவன் ஒரு பக்கமும் படிக்கவில்லை. அதனால் ஒரு படியும் குறைந்துவிடவில்லை.

முப்பத்தொன்றாம் தேதி அவன் அக்காவின் துணிப்பெட்டியைத் தூக்கிக்கொள்ள, அக்கா உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள். வலி தெரியாமலிருக்க, ஒவ்வொரு படியிலும், "இது என்ன புத்தகம்?" என்று கேட்டாள். இறங்க இறங்க ஆண்டு பின்னால் போனது. டிசம்பர் படி, கலங்கரை விளக்கத்தில் காற்றோடு சண்டை போடும் ஒருத்தியின் கதை. நவம்பரில் ஒரு பயணநூல். எழுதியவர் கடைசிவரை ரயிலைவிட்டு இறங்கவே இல்லை. "அதை எழுதறதுக்கு ஒரு ஆளா?" என்றாள். அக்டோபரில் ஒரு கொலை, செய்தது டாக்டர். "முதல்லயே போட்டு உடைச்சிட்டியே, பாவி." அவனுக்குச் சிரிப்பு வந்தது.

அரைப்படிக்கு வந்தார்கள்.

"இது ஏன்டா இப்படி இருக்கு?"

"சின்னப் புத்தகம்க்கா."

"இப்பத் தாண்டி வந்த கவிதைப் புத்தகம் இதைவிடச் சின்னதுன்னு நீதானே சொன்ன? அது முழுசா இருக்கே."

அவன் பெட்டியைக் கீழே வைத்தான். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு பெண் எட்டாம் வகுப்போடு நின்று, தம்பி படிக்கட்டும் என்று மாத்திரைக் கம்பெனியில் அட்டை அடுக்கப் போகிறாள். மாலையில் வந்து, அவன் பாடத்தைச் சத்தமாகப் படிப்பதைக் கேட்டபடி சுவரோரம் உட்கார்ந்திருக்கிறாள். அதற்கு மேல் பக்கத்தைத் திருப்பக் கை வரவில்லை என்றான். "உன்னைக் கேக்காமலேயே படிச்சிட்டேன்க்கா, அப்பவும் சரி, இப்பவும் சரி."

அக்கா முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள். அவளும் எட்டாம் வகுப்புதான். அவளும் மாத்திரை அட்டைதான்.

"படிப்பைப் பாதியில விட்டவ நான். நீ எதுக்குடா விட்ட?"

அவன் பெட்டியை ஓரமாக நகர்த்தி வைத்தான்.

"அப்புறம் அவளுக்கு என்ன ஆச்சு?"

"தெரியாது."

"தெரியாதா? நாலு மாசமா அந்தப் பொண்ணைச் சுவரோரமாவே உக்கார வச்சிருக்கியா? போய் எடுத்துட்டு வா."

கொண்டுவந்து, நூற்றுப் பதின்மூன்றாம் பக்கத்திலிருந்து சத்தமாகப் படித்தான். தெருவில் கார் இரண்டு தடவை ஹாரன் அடித்தது. ஓட்டுநர் உள்ளே வந்து, நாலு படி கீழே உட்கார்ந்து அவரும் கேட்டார். அந்தப் பெண் தம்பியின் கல்யாணத்தில் பந்தலே அதிரும்படி சண்டை போட்டாள், சேமிப்பையெல்லாம் கொடுத்துப் பழைய வேன் ஒன்று வாங்கினாள், கண்டபடி ஓட்டினாள், யாருக்கும் நன்றி சொல்லவும் இல்லை, யாரிடமும் நன்றி எதிர்பார்க்கவும் இல்லை. அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். கடைசி வரி முடிந்ததும் படி இருவரையும் சுமந்துகொண்டு மூன்றரை அங்குலம் உயர்ந்தது.

அக்கா மெல்ல அடுத்த படியில் இறங்கி உட்கார்ந்தாள். "இது ஜூலையில படிச்சதுக்கா" என்று அவன் அந்தப் படிக்குரிய புத்தகத்தின் கதையைச் சொல்ல வாயெடுத்தான்.

"சொல்லாத. படி" என்றாள்.

அவன் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டுப் புத்தகம் எடுக்கக் கீழே ஓடினான். அப்போது மகள் ஓட்டுநருக்குப் போன் செய்து, அம்மா கிளம்பியாயிற்றா என்று கேட்டாள்.

"இப்பத்தான் ஜூலைக்கு வந்திருக்காங்க மேடம்" என்றார் ஓட்டுநர். "ஜனவரிக்கு வந்து சேரவே மாசக்கணக்காகும் போலிருக்கு. வண்டியைத் திருப்பிக்கிறேன்."