விருந்தாளிப் பெட்டி

எங்கள் ஊரில் ஆண்கள் புகை பிடிப்போம், பெண்கள் இருமுவார்கள். நியாயமாகப் பார்த்தால் நாங்கள்தான் இருமவேண்டும். ஷுவான்வெய் மலைகளில் ஆண்பிள்ளை என்று ஒருவன் இருந்தால் அவன் கையில் கைப்பருமனுக்கு ஒரு மூங்கில் குழாய் இருக்கும். அதில் தண்ணீரை ஊற்றிக் காலையிலிருந்து புகையிலையை இழுத்துக்கொண்டே இருப்போம். ஆனால் நுரையீரலில் கட்டி வந்து செத்துப்போவது என்னவோ குழாயைத் தொட்டும் பார்க்காத பெண்கள். இது ஏன் என்று பார்க்கத்தான் மாகாணத் தலைநகர் குன்மிங்கிலிருந்து டாக்டர் பெங் வந்தாள்.

சின்னப் பெண். மூக்குக் கண்ணாடியும் சேறு அப்பிய செருப்புமாக வீடு வீடாக ஏறி இறங்கினாள். கிணற்றுத் தண்ணீரைப் புட்டியில் பிடித்தாள், மண்ணைப் பொட்டலம் கட்டினாள், என்ன சாப்பிடுகிறீர்கள், எங்கே படுக்கிறீர்கள் என்று குடைந்தாள். நாட்டில் வேறெங்கும் இவ்வளவு இல்லாத நோய் இந்த மலைப்பக்கம் மட்டும் ஏன் குடியிருக்கிறது என்பது அவளுடைய கேள்வி. வீட்டுக்குள் நாங்கள் எரிக்கும் நிலக்கரி மேல் அவளுக்குச் சந்தேகம். அது உறுதியானால் வீட்டுக்கு வீடு புகைபோக்கி வைத்த அடுப்பு கட்டித்தர அரசாங்கத்தில் ஏற்பாடு இருந்தது.

அந்த அடுப்பு என் மனைவி சாய்யுன்னுக்கு வேண்டும். அவளுடைய அக்கா போன குளிர்காலத்தில்தான் இருமி இருமிப் போய்ச் சேர்ந்தாள். இப்போது இவளும் கோழிக்குத் தீனி போடுகிற சாக்கில் கொல்லைப்பக்கம் போய் இருமிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வருவாள். எனக்குத் தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள எனக்கும் பயம்.

ஒருநாள் ஊர்த் தலைவர் தாவ் ஒலிபெருக்கியில் கத்தினார். "நாளைக்கு டாக்டரம்மா பெட்டி கொண்டாறாங்க. வீட்டுக் காத்த அளக்கப் போறாங்க. ஊர் மானத்த வாங்கிடாதீங்க!"

அவ்வளவுதான், பெண்கள் தலைதெறிக்க ஓட ஆரம்பித்தார்கள். எங்கள் வீடுகளில் அடுப்பு என்று எதுவும் கிடையாது. தரையில் ஒரு குழி, அதில் எங்கள் மலையில் வெட்டிய புகைக்கரி. மேலே உத்திரத்தில் பன்றித்தொடை தொங்கும். சுவரெல்லாம் சட்டியின் அடிப்பக்கம் மாதிரி இருக்கும். விருந்தாளி வந்தால் மட்டும் அந்தக் கரியை எரிக்கமாட்டோம். தூரத்திலிருந்து வரும் புகையில்லாக் கரியை, கல்யாணத்துக்கும் புது வருஷத்துக்கும் என்று எடுத்து வைத்திருப்பதை, அன்றைக்குத்தான் வெளியே எடுப்போம். வந்தவர் கண்ணைக் கசக்கும்படி விட்டால் அதைவிடக் கேவலம் எங்கள் ஊரில் இல்லை. சாய்யுன்னிடம் அந்தக் கரி தீர்ந்துபோயிருந்தது. டவுனில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு நடந்துபோய் ஒரு கூடை வாங்கி முதுகில் சுமந்து வந்தாள்.

மறுநாள் பெங் பெட்டியோடு வந்தாள். சாப்பாட்டுத் தூக்கு அளவு இருக்கும். உர்ரென்று காற்றை உறிஞ்சி உள்ளே ஒரு வெள்ளைத் தாளில் படிய வைக்குமாம். அவள் அதைத் தரையில் வைக்கப்போனாள். சாய்யுன் பதறிப்போய், துடைத்த முக்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டாள்.

டாக்டர் போனதும் நான் கேட்டேன். "ஏன் ஷான் அம்மா, அதுக்கு டீ ஊத்தி வெக்கலையா?"

"சும்மா இருங்க. வாயில்லேன்னாலும் போய் நம்ம வீட்டப் பத்திச் சொல்லும்ல?"

"என்ன சொல்லும்?"

"இந்த வீட்டுக்காரி அழுக்குப் பிடிச்சவன்னு சொல்லாம இருந்தாச் சரி."

அன்று எங்கள் ஊர்க் கூரைகளில் புகையே இல்லை. எல்லா வீட்டுப் பெண்களும் அதையேதான் செய்திருந்தார்கள். தலைவர் தாவ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தெருவில் மாப்பிள்ளை மாதிரி நடந்தார்.

மக்காச்சோளம் அறுத்த பிறகு பெங் திரும்பி வந்தாள். களத்தில் கூட்டம். தலைவர் சிவப்புத் துணியெல்லாம் கட்டி வைத்திருந்தார். பெங் எழுந்து, "உங்க ஊர் வீட்டுக் காத்து டவுனைவிடச் சுத்தமா இருக்கு" என்றாள். எல்லாரும் கை தட்டினோம். தலைவர் கொஞ்சம் அதிகமாகவே தட்டினார்.

அவள் முகத்தில் மட்டும் சிரிப்பில்லை. "ஆனா வீடெல்லாம் புகை மண்டிக் கிடக்கற பக்கத்து மலை ஊர்ல எவ்வளவு பேர் இருமுறாங்களோ அவ்வளவு பேர் இங்கயும் இருமுறாங்க. அப்போ புகை காரணமில்லைன்னுதான் ஆகுது. இங்க மட்டுமில்ல, எந்த ஊருக்கும் அடுப்பு வேண்டாம்னுதான் நான் எழுதணும்." பெண்கள் பக்கம் திரும்பினாள். "மறைக்காமச் சொல்லுங்க. பொம்பளைங்க யாராவது ஒளிஞ்சு குழாய் பிடிக்கிறீங்களா?"

ஆண்கள் பக்கத்தில் குபீரென்று சிரிப்பு. "சாய்யுன் அண்ணி, அண்ணன் அசந்தா குழாயைத் தூக்கிடுவீங்களோ?" என்று ஒருத்தன் கத்தினான். "அதான் அவன் புகையிலை சீக்கிரம் தீந்துபோவுது!" என்றான் இன்னொருத்தன். நானும் சிரித்தேன். கூட்டத்தோடு சேர்ந்து, பல் தெரிய.

சாய்யுன் எழுந்து நின்றாள். காதுவரை சிவந்திருந்தது. என் மனைவி கூட்டத்தில் பேசி நான் பார்த்ததில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேல்துணியின் முனையைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"டாக்டரம்மா, அன்னிக்கு எரிஞ்சது எங்க வீட்டுக் கரி இல்ல."

"என்னக்கா சொல்றீங்க?"

"எங்க அண்ணன் வீட்ல போய் வாங்கிட்டு வந்த கரி. புகை வராது. எப்பவும் நாங்க எரிக்கிறது வேற. அத எரிச்சா எதிர்ல இருக்கற ஆள் மூஞ்சி தெரியாது."

தலைவர் துள்ளி எழுந்தார். "உக்காரும்மா! என்ன பேசறோம்னு தெரிஞ்சுதான் பேசறியா?"

"தெரியாமத்தான் அன்னிக்குச் செஞ்சேன் தலைவரே. இப்பத் தெரிஞ்சுதான் பேசறேன்."

பெங்கின் குரல் இறங்கிவிட்டது. "ஏன்க்கா அப்படிச் செஞ்சீங்க?"

"நீங்க எங்க வீட்டுக்கு வர்றீங்க" என்றாள் சாய்யுன், இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல. "உங்க கண்ணுல தண்ணி வர வெக்கறதா?"

பெண்கள் எல்லாரும் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியாவது வாயைத் திறக்கமாட்டாளா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் திறந்திருக்கலாம். கடைசியில் மூலையிலிருந்து ஒரு குரல், "எங்க வீட்லயும் அப்படித்தான்" என்றது. அப்புறம் இன்னொன்று. அதற்குப் பிறகு யார் யார் என்று சொல்ல முடியவில்லை. தலைவர் சிவப்புத் துணிக்குக் கீழே, தலையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"நாளு சொல்லிட்டு வந்தது என் தப்பு" என்றாள் பெங். "எல்லா வீட்லயும் மறுபடி அளக்கறேன். இனிமே சொல்லாம வருவேன். மொதல்ல உங்க வீடு. இப்பவே."

வீட்டுக்கு வந்தோம். சாய்யுன் முக்காலியைத் தேடினாள். பெங் வேண்டாம் என்று பெட்டியைக் குழிப்பக்கம் தரையிலேயே வைத்து, தானும் உட்கார்ந்தாள். "எப்பவும்போலச் சமைங்கக்கா."

ஒரு விருந்தாளி முன்னால் புகைக்கரியை அள்ளிப் போட என் மனைவி பட்ட பாட்டைப் பார்க்கவேண்டும். கூட்டத்தில் எழுந்து நின்றபோதுகூட இப்படித் தவிக்கவில்லை. "மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிக்கொண்டே பற்ற வைத்தாள். மஞ்சளும் கறுப்புமாகப் புகை எழுந்தது. சாம்பலில் உருளைக்கிழங்கைப் புதைத்துவிட்டுக் குனிந்து ஊதினாள். பெங்கின் கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் வழிந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

"அண்ணே, அக்கா சமைக்கறப்போ நீங்க எங்க உக்காருவீங்க?" என்று என்னைக் கேட்டாள்.

"வாசப்படியில. அங்கதான் காத்து வரும்."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

"மத்த வீட்டு ஆம்பளைங்க?"

"எல்லாரும் அங்கதான்."

அவள் நோட்டில் குறித்துக்கொண்டாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும். கல்யாணமான நாளிலிருந்து ஒரு வேளைகூட அந்தக் குழிப்பக்கம் நான் உட்கார்ந்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிழங்கு வெந்து வாசலுக்கு வரும், தோலை உரித்துத் தின்பேன், உப்பு குறைச்சல் என்பேன். வெட்கம் என்றால் என்ன என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

உள்ளே போய் சாய்யுன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள். முதல் மூச்சிலேயே தொண்டை எரிந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. நெஞ்சை யாரோ உள்ளேயிருந்து பிறாண்டுவது போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துதான் பார்த்தேன். முடியவில்லை. முட்டி மோதிக்கொண்டு வெளியே ஓடி, சுவரைப் பிடித்துக்கொண்டு குடல் வெளியே வருகிற மாதிரி இருமினேன்.

உள்ளே அவளும் இருமினாள். இந்தத் தடவை கொல்லைக்குப் போகவில்லை. டாக்டர் முன்னாலேயே, ஆழத்திலிருந்து, நிறுத்தமுடியாமல் இருமினாள். அது நின்றதும் புகைக்குள்ளிருந்து குரல் வந்தது. அதில் குத்தல் இல்லை, கோபம் இல்லை.

"ஷான் அப்பா, உங்களுக்குப் பழக்கமில்ல, உள்ள வராதீங்க. வெந்ததும் நான் கொண்டாந்து தர்றேன்."