கலந்தருக்கு இருந்த ஆண்டுகள்

நெல் ஆலையின் எஞ்சின் வெடித்துக் கலந்தர் இறந்தார். அடுத்த வருடம் வழக்கு வவுனியா நீதிமன்றத்துக்கு வந்தது. எஞ்சினை விற்ற கம்பனிமீது வழக்குத் தொடுத்தவர்கள் கலந்தரின் மனைவி றாபியாவும், ஆலையில் பங்காளியான அண்ணன் அப்துல் மஜீத்தும். ஆலை நின்றதால் என்ன நட்டம், கலந்தர் உயிரோடிருந்தால் எவ்வளவு உழைத்திருப்பார் என்று மதிப்பிட்டுச் சாட்சி சொல்லப் பரமலிங்கத்தை அமர்த்தியிருந்தார்கள். வியாபார வழக்குகளில் நட்டத்தை மதிப்பிடுவதுதான் அவர் தொழில்.

விசாரணைக்கு முன் அவர் முல்லைத்தீவுக்குப் போய் ஆலையைப் பார்த்தார். கூரைத் தகரம் கிழிந்தபடியே கிடந்தது.

"விபத்துக்கு முன்னமே எஞ்சினுக்கு வேற ஆளைப் பழக்கியிருக்கிறியள். ஏன்?" என்று சம்பளக் கொப்பியைப் புரட்டியபடி மஜீத்திடம் கேட்டார்.

மஜீத் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தம்பிக்கு நெஞ்சில வருத்தம், ஐயா. மருந்தால மாத்தேலாதாம். கூடினால் இரண்டு வருசமெண்டு பெரியாஸ்பத்திரியில சொல்லிப்போட்டினம். றாபியாவுக்குச் சொல்லக் கூடாதெண்டு என்னட்டச் சத்தியம் வாங்கினவன்."

"அப்ப நான் இரண்டு வருச உழைப்புக்குத்தான் கணக்குப் போடலாம். கோட்டில நீதிபதி கேட்டால் மறைக்கேலாது. அதுக்கு முதல் நீங்களே அவாவுக்குச் சொல்லிப்போடுங்கோ."

"ஓம், சொல்லுறன்" என்றார் மஜீத்.

விசாரணையன்று கம்பனியின் வழக்கறிஞர் அந்த இரண்டு வருடக் கணக்கைப்பற்றி எதுவும் கேட்கவில்லை. குறைந்த தொகை அவருக்கு வசதி. நீதிபதிதான் நிமிர்ந்து பார்த்தார். முப்பத்தாறு வயது மனிதருக்கு ஏன் இரண்டே வருட உழைப்பு?

பரமலிங்கம் மஜீத்தைப் பார்த்தார். அவர் தலை குனிந்திருந்தது. றாபியாவுக்கு அவர் சொல்லவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. வேறு வழியில்லாமல், றாபியாவுக்கு விளங்கக் கூடாதென்று ஆங்கிலத்தில் பதில் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தெளிவான தமிழில், மண்டபம் முழுதும் கேட்கச் சொன்னார். றாபியா முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

இடைவேளையில் அவள் நேரே பரமலிங்கத்திடம் வந்தாள்.

"அவருக்குத் தன்ர வருத்தம் தெரியுமோ, ஐயா?"

"தெரியும், பிள்ளை."

"தவிட்டுத் தூசியாலதான் இருமல் எண்டவர். எஞ்சின் வெடிச்ச அண்டைக்குக் காலமை எழும்பேலாமல் படுத்துக் கிடந்தவர். பஞ்சி பிடிச்ச சோம்பேறி மனுசன் எண்டு நான்தான் ஏசி வேலைக்கு அனுப்பினனான்."



தீர்ப்பு அவர்கள் பக்கமே வந்தது. அன்று மாலை பஸ் நிலையத்தில் பரமலிங்கம் அவர்களைக் கண்டார். மஜீத் ஏதோ சொல்லத் தொடங்க, றாபியா கையால் மறித்தாள்.

"காசைப் பற்றிக் கதைக்க வேண்டாம், மச்சான். ஆஸ்பத்திரியால திரும்பி வரேக்க அவர் என்ன சொன்னவர்? அதைச் சொல்லுங்கோ."

"ஒண்டும் கதைக்கேல்லை. தேத்தண்ணி வேண்டிக் குடுத்தன். குடிக்கேல்லை. உனக்கெண்டு வளையல் வேண்டினவன்."

"பிறகு?"

மஜீத் வாங்குப் பலகையில் அவளருகே நகர்ந்து அமர்ந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சொன்னார். முல்லைத்தீவு பஸ் வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. இருவரும் எழும்பவில்லை.