சலவைக்குப் போன சாட்சி

அத்தை அந்தத் துணியைத் துவைத்து, நீலம் போட்டு, இஸ்திரி செய்து, நான்காக மடித்து மேஜை மேல் வைத்திருந்தார். நான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வெள்ளையாக ஏதோ கண்ணில் பட்டது. அது என்ன துணி என்று விளங்கியதும் ஒற்றைச் செருப்போடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"அந்தத் தூசிப் பொண்ணு நாளைக்கு வாங்கிட்டுப் போக வரும்னு சொன்னியே" என்றார் அத்தை, என் மாமியார், சமையலறையிலிருந்து. "அவ்வளவு அழுக்கா எப்படிக் குடுக்கறது? பிசுபிசுன்னு வேற இருந்துச்சு. சுடுதண்ணில ஊற வெச்சு எடுத்தேன். இப்ப பாரு, புதுசு மாதிரி."

அவர் குரலில் பாராட்டை எதிர்பார்க்கும் ஒரு சின்னப் பெருமை இருந்தது. கத்தத் தொடங்கினால் நிறுத்த முடியாது என்று தெரிந்ததால், குனிந்து மற்றச் செருப்பைக் கழற்றினேன்.

எங்கள் வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் கான்கிரீட் கலக்கும் முற்றம். நாங்கள் குடிவந்தபோது அது வெறும் புல்தரை. பிறகு இரும்புக் கோபுரம் எழும்பியது, லாரிகள் வந்தன. சிமென்ட் இறக்கும்போது சாம்பல் நிறத்தில் ஒரு மேகம் எழுந்து, அவசரமே இல்லாமல் எங்கள் மாடியைத் தாண்டிப் போகும். அதற்கு அடுத்த ஆண்டு என் மகளுக்கு இழுப்பு வந்தது. படுத்தால் மூச்சு விசில் அடிக்கும். பள்ளியில் ஓட்டப் பந்தயம் என்றால் ஓரமாக உட்கார்ந்து மற்றவர்களின் தண்ணீர் பாட்டில்களுக்குக் காவல் இருப்பாள்.

முற்றத்துக்குக் கூரை போட்டு மூட வேண்டும் என்று தெருவில் பலரும் மனு கொடுத்தோம். ஓர் அதிகாரி வந்து பார்த்தார். அவர் வந்ததென்னவோ நல்ல மழை பெய்து ஓய்ந்த காலையில். 'குறிப்பிடும்படியான தூசி காணப்படவில்லை' என்று பதில் வந்தது. என் கணவர் அதைப் படித்துவிட்டு, "நீயும் எதையும் கொஞ்சம் பெருசாக்கறேதானே?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார். அதனாலேயே அது உள்ளே போய்த் தங்கிவிட்டது. சிறு வயதிலிருந்தே எனக்கு அந்தப் பெயர் உண்டு: எதையும் ஒன்றுக்கு இரண்டாகச் சொல்பவள். நாளடைவில் நானே என்னைச் சந்தேகிக்கப் பழகியிருந்தேன். மகள் இருமினால், உண்மையிலேயே இவ்வளவு இருமுகிறாளா, அல்லது என் காதுதான் பெரிதாக்குகிறதா என்று நின்று கேட்பேன்.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். கல்லூரியில் காற்றைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். தூசிப் பொண்ணு என்பது அத்தை வைத்த பெயர். உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றோடு சேர்ந்து பல தெருக்களிலும் வீடு வீடாக ஏறி இறங்கினாள். எம்பிராய்டரி வளையத்தில் இறுக்கிய வெள்ளைத் துணி, தூசி ஒட்டிக்கொள்ள அதன் மேல் மெல்லிய வாசலின் பூச்சு, கூடவே வெள்ளையிலிருந்து கருஞ்சாம்பல் வரை கட்டம் கட்டமாக நிறம் ஏறும் ஓர் அட்டை, கிழிந்தால் மாற்ற ஒரு மாற்றுத் துணி. ஒரு மாதம் மாடியில் வைக்க வேண்டும், தொடக்கூடாது. பிறகு அட்டையோடு ஒப்பிட்டு, எந்த வீட்டில் எந்த நிறம் என்று ஒரு வரைபடம். அது பத்திரிகையில் வரும். முற்றத்தின் உரிமத்தைப் புதுப்பிக்கலாமா என்று நகராட்சி நடத்தும் கூட்டத்துக்கும் போகும்.

"உங்க வீடுதான்க்கா ரொம்ப முக்கியம்" என்றாள் என்னிடம். "சுவரை ஒட்டி இருக்கறது நீங்க மட்டும்தான்."

நான் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். பார்வையைச் சோதித்து, வில்லையைத் தேய்த்து, சட்டத்தில் பொருத்துவது என் வேலை. நாள் முழுக்க மற்றவர்களிடம் "என்ன தெரியுது?" என்று கேட்பவள். என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. அவள் துணியை நீட்டியது அதையே கேட்டதுபோல் இருந்தது; எனக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது.

இப்போது அந்தத் துணி சலவை நீலத்தின் மணத்தோடு மேஜையில் கிடந்தது.

கணவர் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். பிறகு மெதுவான குரலில், "மாத்துத் துணி இருக்குல்ல? மாடிச் சுவர்ல ஒரு இழு இழுத்தா முடிஞ்சுது. பொய்யா என்ன? அங்க இருக்கற தூசிதானே அது" என்றார்.

நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெளிச்சம் இருக்கும்போதே மாடிக்குப் போனேன். கைப்பிடிச் சுவரில் மாற்றுத் துணியை வைத்து அழுத்தி இழுத்தேன். தூசி எளிதாக ஒட்டி வந்தது. அட்டையோடு வைத்துப் பார்த்தேன்; கடைசிக் கட்டம், கருஞ்சாம்பல். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பொருள் நான் சொல்வதை அப்படியே ஒப்புக்கொள்கிறது என்று தோன்றியது.

பிறகு, அந்த உண்மையான துணி எந்தக் கட்டத்துக்கு வந்திருக்கும் என்று யோசித்தேன். எனக்குத் தெரியவில்லை. கடைசிக் கட்டமாக இருந்திருக்கலாம், இரண்டு கட்டம் முன்னதாகவும் இருந்திருக்கலாம். என் கையில் இருந்தது நான் தேர்ந்தெடுத்த கட்டம். இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் இன்னும் கறுத்திருக்கும்.

கடையில் சிலர் சோதனைப் பலகையின் எழுத்துகளை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். பார்வை நன்றாக இருக்கிறது என்று காட்டிக்கொள்ள ஆசை. அவர்களுக்குச் செய்து கொடுக்கும் கண்ணாடி யாருக்கும் பொருந்தாது. அவர்களை நான் உள்ளுக்குள் எவ்வளவு ஏளனம் செய்திருக்கிறேன்! பெரிதாக்குகிறவள் என்று என்னைச் சொன்னதெல்லாம் பொய்யென்று காட்ட இந்தத் துணியை நம்பியிருந்தேன். இதைக் கொடுத்தால், அவர்கள் சொன்னது இன்றைக்காவது உண்மையாகிவிடும்.

அதைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டேன். அந்த நிமிடம் நிம்மதி ஒன்றும் வந்துவிடவில்லை. அத்தை மேல் கோபம்தான் இன்னும் ஏறியது.

கோபம் அந்தத் துணியோடு தொடங்கியதல்ல. நான் துடைத்த ஜன்னலை அவர் மறுபடி துடைப்பார். நான் துவைத்துப் போட்ட திரையை எடுத்து மீண்டும் நனைப்பார். ஒரு வார்த்தை சொல்லமாட்டார். சொல்லாததால் அந்த ஈரத்துணியின் ஒவ்வொரு இழுப்பும் எனக்கு, உனக்கு வீடு வைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்றுதான் கேட்கும்.

மறுநாள் தூசிப் பொண்ணு வந்தாள். மடித்த துணியை விரித்தாள், முகர்ந்தாள். நெற்றியில் கை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு தோள்கள் குலுங்கின. அழுகிறாளோ என்று பயந்துபோனேன், சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு வீட்ல நாய் கவ்விட்டுப் போயிடுச்சு. இன்னொரு வீட்ல அடுப்பு துடைக்க எடுத்துக்கிட்டாங்க. ஆனா இஸ்திரி போட்டு யாரும் குடுக்கலம்மா" என்றாள் அத்தையிடம்.

தான் என்ன செய்துவிட்டோம் என்பது அத்தைக்கு அப்போதுதான் புரிந்தது. உள்ளே போய்விட்டார். தண்ணீர் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

வரைபடத்தில் எங்கள் வீடு வெற்று வட்டமாகத்தான் இருக்கும், 'துவைக்கப்பட்டது' என்று குறிப்புப் போடுவேன் என்றாள் அவள். வேண்டுமானால் எங்கள் வீட்டை வரைபடத்தில் காட்டாமலே விட்டுவிடலாமே என்று கேட்டேன். வெட்கமாக இருந்தது. "விட்டா, அங்க வீடே இல்லைங்கற மாதிரி ஆயிடும்க்கா" என்றாள்.

கூட்டம் நகராட்சி மண்டபத்தில் நடந்தது. வருவதாக அத்தை முன்கூட்டிச் சொல்லவில்லை. புறப்படும்போது வேறு புடவை கட்டி வாசலில் நின்றார். பிளாஸ்டிக் நாற்காலிகள், கிறீச்சிடும் மைக், சுவரில் பத்திரிகையில் வந்த அந்த வரைபடம் பெரிதாக. முற்றத்தைச் சுற்றிச் சாம்பல் வட்டங்கள். தள்ளிப் போகப் போக வெளுத்தன. நடுவில், சுவரை ஒட்டி, பல் விழுந்த இடம் போல எங்கள் வீடு.

முற்றத்தின் மேலாளர் மரியாதையான மனிதர். குரலை உயர்த்தவே இல்லை. மக்கள் எடுத்துக்கொண்ட முயற்சியைப் பாராட்டினார். நகரத்தில் தூசி எங்கும் இருப்பதுதான், சாலையிலிருந்து வருவதுண்டு, வீட்டுக்குள்ளிருந்தே வருவதுமுண்டு என்றார். பிறகு விரலை அந்த வெற்று வட்டத்தில் வைத்தார்.

"எங்க மேல புகார். எங்க சுவரை ஒட்டின வீட்டுத் துணி மட்டும் இல்லை. துவைச்சுட்டாங்களாம்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தலைமை வகித்த அம்மாள் கண்ணாடியைத் தாழ்த்தி, அந்த வீட்டிலிருந்து யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்டார். நான் எழுந்தேன். என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. மாமியார் தெரியாமல் செய்துவிட்டார் என்று சொல்லி முடித்துவிடத்தான் எண்ணம். அதற்குள் என் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு அத்தை எழுந்து நின்றார்.

"நான்தான் துவைச்சேன்."

இந்த முறை மண்டபமே சிரித்தது. அத்தை சிரிப்பு அடங்கும்வரை நின்றார்.

"பேத்திக்கு இழுப்பு வந்தப்ப டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். வீட்டைச் சுத்தமா வெச்சிருக்கீங்களான்னு கேட்டாரு. அன்னிலேர்ந்து துவைக்கறேன். ஜன்னல், திரை, தலையணை உறை, எல்லாத்தையும். இவ செஞ்சதையே நானும் திரும்பச் செய்வேன். எங்கயோ நாமதான் விட்டுட்டோம், அதனாலதான் குழந்தை கஷ்டப்படுதுன்னு நெனப்பு. அந்தத் துணியப் பாத்தப்பவும் அப்படித்தான். இத்தனை அழுக்கு நம்ம வீட்டுதுன்னு வெளியாள் பாத்துடுமேன்னு பயந்துட்டேன்."

மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். டாக்டர் அதைக் கேட்டபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். அந்தக் கேள்வி என்னை மட்டும் குத்தியது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஒரே ஜன்னலை இரண்டு பேர் மாறி மாறித் துடைத்திருக்கிறோம், ஒரே குற்றவுணர்வோடு, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல்.

பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. தையல்கடைக்காரி. "எங்கிட்டயும் அதையேதான் கேட்டாங்க" என்றாள். பையனுக்காக மெத்தையை மாற்றியதாகவும், வளர்த்த பூனையை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிட்டதாகவும் சொன்னாள். இன்னொருவர், தன் மனைவியோடு இதற்காகவே சண்டை போட்டதை ஒப்புக்கொண்டார். அவர் மனைவி பக்கத்து நாற்காலியிலிருந்து, "அதை இங்கயாவது சொன்னீங்களே" என்றாள். மறுபடி சிரிப்பு, ஆனால் இப்போது அது வேறு சிரிப்பு.

தலைமை அம்மாள் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார். நிமிர்ந்து, "துவைச்ச தண்ணி என்ன நிறம்?" என்று அத்தையைக் கேட்டார்.

"அதை ஏம்மா கேக்கறீங்க. செடிக்குக் கூட ஊத்தல."

அதைச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது என்றார் அந்த அம்மாள். சிரிப்பை அடக்கியதில் வாய் மட்டும் லேசாகக் கோணியது. பிறகு வரைபடத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு முடிவைச் சொன்னார். மற்ற வட்டங்களை ஒதுக்கிவிட முடியாது. மிக அருகில் இருக்கும் இடத்தைப் பற்றி எவருக்கும் எதுவும் தெரியவில்லை என்பதையும் ஒதுக்க முடியாது. அதனால் நகராட்சியின் தூசி அளக்கும் கருவியை அந்த மாடியிலேயே வைப்போம், கோடை முடியும்வரை. அதுவரை முழு உரிமம் கிடையாது. சிமென்ட் இறக்கும் இடத்தை இப்போதே மூட வேண்டும், லாரிகளுக்குத் தார்ப்பாய் போட வேண்டும். மேலாளர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

வெற்றி என்று இதைச் சொல்ல முடியாது. கருவி என்ன சொல்லும் என்று இன்னும் யாருக்கும் தெரியாது. அது என் எண்ணத்துக்கு மாறாகவும் சொல்லலாம். திரும்பி நடக்கும்போது அந்த நினைப்பு ஏனோ என்னைப் பயமுறுத்தவில்லை. அத்தை பக்கத்தில் வந்துகொண்டிருந்தார். "இனிமே ஜன்னலை யாராவது ஒருத்தர் துடைச்சாப் போதும் அத்தை" என்றேன். "யாரு?" என்றார். "உங்க பையன்" என்றேன். தெருவிலேயே நின்று சிரித்தார்.

கருவி வந்துவிட்டது. சின்ன வெள்ளைப் பெட்டி, கீழே ஒரு துளை, மேலே மினுக்கும் பச்சை விளக்கு. மகள் பள்ளி விட்டு வந்ததும் மாடிக்குப் போய் அதன் எண்ணைப் படிப்பாள். போன வாரம் சிமென்ட் கொட்டும் இடத்தைச் சுற்றித் தகரம் அடித்தார்கள். அன்றிலிருந்து எண் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்கிறாள். அவள் மூச்சு எப்படி இருக்கிறது என்று நான் இப்போதும் நின்று கேட்கிறேன்; கேட்டதைக் கேட்டபடியே நம்புகிறேன்.

இன்று காலை துணி காயப்போட மேலே போனேன். அத்தை அந்தப் பெட்டிக்கு எதிரே நின்றிருந்தார். அதன் மேல்மூடியில் மெல்லிய சாம்பல் படலம் படிந்திருந்தது. அவர் தோளில் துடைக்கும் துணி. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கட்டிக்கொண்டிருந்தார்.

நான் ஈரத் துண்டை உதறக் கையை ஓங்கினேன்.

"அங்கிட்டுத் தள்ளிப் போய் உதறு" என்றார் திரும்பிப் பார்க்காமலே. "அது வேலை பாத்துக்கிட்டு இருக்கு."