கிளாரி ஹானாஃபோர்டின் மூன்றாம் எண்

என் இரண்டு கால்கள் மீதும் ஆணையிட்டுச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கம்பளி விலை உச்சிக்குப் போய்த் திரும்பிய அந்தக் காலத்தில், எங்கள் ஊர் முல்லாவுராவில் எண்ணும்போது வாக்குச்சீட்டு எந்த வேட்பாளரின் கட்டுக்குள் போய்ச் சேர்ந்ததோ, அதைப் போட்டவரும் அந்த வேட்பாளரின் வாசலுக்கு நடந்து போய்ச் சேர்ந்தார். நினைத்துப் போகவில்லை, கால் போயிற்று. ரகசிய வாக்கைக் கண்டுபிடித்ததே நாங்கள்தான் என்று பெருமை பேசும் நாடு இது. கால்களுக்கு அது தெரியவில்லை.

நான்கு பேர் நின்றார்கள். ஆட்டுப் பண்ணை முதலாளி நெவில் பிராடக், ஏற்கெனவே பாராளுமன்ற உறுப்பினர். டெஸ் குவில்டி, மதுக்கடைக்காரர். அந்தக் கடையை மூட வேண்டும் என்று நின்றவர் மிஸ் ஈனிட் ஸ்ப்ரூல். நான்காவது பெரில் ஹானாஃபோர்ட்; ஊருக்குக் குடிதண்ணீர்க் குழாய் கேட்டு நின்றாள். அவள் கணவன் கிளாரி, காற்றாலை பழுது பார்ப்பவன், மனைவியின் சின்னத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினான். ஆனால் அவனுக்கு உள்ளே ஒரு கலக்கம். ஜெயித்தால் அவள் தலைநகர் கான்பெராவுக்குப் போய்விடுவாள். காலையில் தேநீர்ப் பானைக்கு எதிரே காலி நாற்காலியைப் பார்த்தபடி உட்கார அவனால் முடியாது. அதை அவளிடம் சொல்லவும் முடியவில்லை.

வாக்குப் போடாமலிருந்தால் அபராதம். போட்டால் சீட்டிலுள்ள எல்லாக் கட்டத்திலும் விருப்ப வரிசைப்படி எண் எழுதியாக வேண்டும்; முதல் எண்காரர் கழிந்துபோனால் சீட்டு அடுத்த எண்காரருக்குப் போகும். ஒன்று விட்டாலும் செல்லாது. சனிக்கிழமை பள்ளிக்கூடத்து மறைப்புக்குப் பின்னால் கிளாரி பென்சிலை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றான். டெஸ்ஸுக்கு ஒன்று. நிச்சயமாகத் தோற்கப்போகிற ஈனிட்டுக்கு இரண்டு. தன் நாயைச் சுட்ட நெவிலுக்கு நான்கு. பெரிலுக்கு மூன்று, மூன்றாம் எண் வரைக்கும் யார் எண்ணப்போகிறார்கள் என்று நினைத்துவிட்டான். பிறகு வெளியே வந்து கேக் வாங்கித் தின்றான்.

ஞாயிற்றுக்கிழமை வாக்கு எண்ணத் தொடங்கியதும் தேவாலயத்தில் பாட்டுக்கு நடுவிலேயே ஆட்கள் எழுந்து நடந்தார்கள். தொலைதூரப் பண்ணைகளிலிருந்து அந்த வாரம் முழுக்கப் புழுதியோடு வந்துகொண்டே இருந்தார்கள். யாரும் ஓரிடத்தில் உட்காரவில்லை, நாய்கள்கூடப் படுக்கவில்லை. கிளாரி மதுக்கடைக்குப் போனான். அவன் தினமும் போகிற இடம் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பெரில் மட்டும் சாப்பாட்டு நேரத்துக்கு அவன் வராததைக் கவனித்தாள்.

வாக்கு எண்ணியவர் பள்ளி ஆசிரியர் பெட்டிஃபர், இங்கிலாந்திலிருந்து வந்தவர். வாசல் வாசலாக நிற்கும் கூட்டத்தைப் பார்த்து அவர் சலித்துக்கொண்டார்.

“எங்க நாட்டுல ஒரே ஒரு பெருக்கல் குறி. போட்டுட்டுப் போய்த் தூங்கிருவோம்.”

“அதான் உங்க ஊர்க்காரங்க காலெல்லாம் குச்சி குச்சியா இருக்கு,” என்றார் டெஸ்.

யாருக்கும் பாதிக்கு மேல் வாக்கு கிடைக்கவில்லை; வியாழக்கிழமை மத்தியானம் டெஸ்தான் கடைசி என்று தெரிந்து அவர் பெயரை நீக்கினார்கள். அவருடைய சீட்டுகளை இரண்டாம் எண்ணுக்குப் பிரித்தபோது மதுக்கடையில் கோப்பைகள் பாதியில் நின்றன. கிளாரியும் எழுந்தான். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்; கால்கள் அவனைப் பிய்த்து எடுத்துக்கொண்டு போயின. வாயில் பீர் வாசனையோடு அவன் மதுவிலக்கு மிஸ் ஸ்ப்ரூலின் ரோஜாச் செடிகளுக்கு நடுவே போய் நின்றதை ஊரே பார்த்தது. ஈனிட் அவனுக்கு எலுமிச்சைச் சாறு கொடுத்தார். அவன் குடித்தான். பெரில் தன் வாசலிலிருந்து அதையும் பார்த்தாள்.

மறுநாள் ஈனிட்டையும் நீக்கினார்கள். மிச்சம் இரண்டு வாசல்கள்தான். வலப்பக்கம் திரும்பினால் நெவில், இடப்பக்கம் வீடு. கிளாரியின் பின்னால் பாதி ஊர் நடந்தது; பந்தயம் கட்டியவர்களும் உண்டு. தபால் நிலைய மூலையில் அவன் கால்கள் கொஞ்சம் தயங்கி இடப்பக்கம் திரும்பின. பெரில் வாசல் கதவின் கொக்கியில் கை வைத்தபடி நின்றாள். திறக்கவில்லை.

“மூணாவதா?” என்றாள்.

“வந்துட்டேன்ல.”

“ஈனிட்டுக்கும் அப்புறமா, கிளாரி? அவ வந்தா கொல்லைப்புறமா ஓடிப்போற ஆளு நீ.”

கிளாரி தொப்பியைக் கழற்றி அதற்குள் பார்த்தான். “நீ ஜெயிச்சா போயிருவ,” என்றான். “அதுக்குத்தான்.”

அவள் பதில் சொல்வதற்குள் பெட்டிஃபர் மூச்சு வாங்க ஓடி வந்தார். பெரில் ஜெயித்துவிட்டாள், ஒரே ஒரு வாக்கில். அது யாருடையது என்று அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த வாசலுக்குக் கடைசியாக வந்து சேர்ந்த ஆளை எல்லாரும் பார்த்தார்கள். பெரில் கொக்கியைத் தூக்கினாள்.

“பரண்ல இருந்து பெட்டியை எடு,” என்றாள். “சிரிக்காதே. நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன்.”

அவள் ரயிலில் போனாள். அன்று மாலையே கிளாரி தண்டவாளத்தின் ஓரமாக நடக்க ஆரம்பித்தான், சுத்தியலும் கையுமாக. அவன் வாக்கு அவளிடம் இருந்தது. அவள் இருக்கிற வாசல்தான் அவன் கால்களுக்கு வாசல். பாராளுமன்றம் கூடும்போதெல்லாம் கான்பெராவுக்கு நடந்தான், கலையும்போது திரும்பி நடந்தான். அவள் தங்கிய விடுதிக் கதவு தாழிடப்படவில்லை, அடுப்பில் கெண்டி கொதித்துக்கொண்டே இருந்தது. வழியெங்கும் காற்றாலைகள் நன்றாகச் சுற்றின. ஊரில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை; அடுத்த தேர்தல்களில் எல்லாரும் நல்ல பூட்ஸ் போட்டுக்கொண்டு வாக்களிக்கப் போனார்கள், அவ்வளவுதான்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன்: பெரில் ஜெயித்த அந்த வருடம் எங்கள் தொகுதியில் நெவில் பிராடக் ஒருவர்தான் மனுத் தாக்கல் செய்திருந்தார். எதிர்த்து யாரும் நிற்காததால் வாக்குப்பதிவே நடக்கவில்லை.