ஜோதியம்மாள் போட்ட அத்தர்

செங்கம் ரோட்டில் அத்தர் கடை வைத்திருக்கும் அன்புச்செல்விக்கு மூக்கு எவ்வளவு கூர்மையோ, வாய் அதைவிடக் கூர்மை. அப்படிப்பட்டவளிடம் போய், வாங்கிப்போன குப்பியை மூன்றாவது முறையாக நீட்டி, "இது டூப்ளிகேட்டும்மா" என்றார் கீழ்பென்னாத்தூர் மூர்த்தி. சும்மா விடுவாளா?

"என் கடையில டூப்ளிகேட்டா? இன்னா பேச்சு பேசறீங்க பெரியவரே!"

ஒப்பிட்டுக் காட்ட அவர் கூடவே கொண்டுவந்திருந்த பழைய குப்பியில் ஒட்டிக்கிடந்த சொட்டை ஒரு காகிதத்திலும், புதியதை இன்னொன்றிலும் தடவினாள். "மூடியத் தொறந்ததும் வர்ற வாசனைய நம்பக் கூடாதுங்க. அது பொண்ணு பார்க்க வந்தவன் பேசற பேச்சு. அரை மணி ஆவட்டும். அப்பறமும் எது நிக்குதோ, அதான் சரக்கு."

அரை மணி கழித்து இரண்டு காகிதமும் ஒன்றுபோலவே மணத்தன. அதே தாழம்பூ, அடியில் கொஞ்சம் சந்தனம். மூர்த்தியும் ஒப்புக்கொண்டார். ஆனால் தன் மணிக்கட்டில் தடவியிருந்ததை முகர்ந்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

"இல்லம்மா. இது அவ வாசனை இல்ல."

"யாரு வாசனை?"

"ஜோதி. என் சம்சாரம். போய் எட்டு மாசம் ஆவுது. உன் கடையிலதான் வாங்குவா. புடவைங்கள்லயாவது அவ வாசனை கொஞ்சம் இருக்கும்னு இருந்தேன். காரியம் முடிஞ்ச மறுநாளே அத்தனையும் தொவைச்சுப் போட்டுட்டா என் பொண்ணு."

அட பாவமே, இந்த மனுஷனிடமா கத்தினோம் என்று அன்புச்செல்விக்கு வெட்கமாகப் போயிற்று. விலையைக் கம்மி பண்ண வைக்காமல் நகரவே மாட்டாளே, அந்த ஜோதியம்மாளா!

"அத்தர் அதேதாங்க. ஒடம்புதான் வேற. ஒரே அத்தர் ஆளுக்கு ஒரு மாதிரி மணக்கும். அத குப்பியில அடைச்சு நான் எப்படிங்க குடுப்பேன்?"

மூர்த்தி குப்பியை மூடினார். அப்போது ஆட்டோவில் வந்து இறங்கினாள் கவிநிலா, வேங்கிக்காலில் குடியிருக்கும் அவர் மகள். அப்பா இங்கே வந்திருப்பது அவர் பக்கத்து வீட்டார் சொல்லித்தான் தெரியுமாம்.

"மறுபடியும் இங்கயாப்பா? போன எடுக்க மாட்டியா?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்புச்செல்வியோ கவிநிலாவையே பார்த்தாள். ஜோதியம்மாளை உரித்து வைத்த மாதிரி இருந்தாள். பலிக்குமா என்று தெரியாது, இருந்தாலும் கேட்டாள்: "கையக் குடு பாப்பா." மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்தாள். "தேய்க்காத. அரை மணி ரெண்டு பேரும் உட்காருங்க."

ஒரே பெஞ்சில் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். அன்புச்செல்வி வரவழைத்த டீ ஆறிப்போனது.

"அழுக்குப் புடவைன்னா அம்மாவுக்குப் பிடிக்காதேன்னுதான் தொவைச்சேம்ப்பா" என்றாள் கவிநிலா. "நீ இப்படித் தேடுவன்னு எனக்குத் தெரியலயே."

நேரம் ஆனதும், அன்புச்செல்வி கண்ணைக் காட்ட, மகள் கையைப் பிடித்து முகர்ந்தார் மூர்த்தி. பிடித்த கையை விடவில்லை. நடுக்கடையில், நாலு பேர் பார்க்க, குழந்தை மாதிரி அழுதார்.

"இல்லையாப்பா?" என்று பயந்துபோய்க் கேட்டாள் கவிநிலா.

"இருக்குடா. கொஞ்சம் இருக்கு."

அன்புச்செல்வி மூக்கை உறிஞ்சிக்கொண்டே குப்பியைக் காகிதத்தில் சுற்றி அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"எனக்கு எதுக்கும்மா? இவகிட்ட குடு." மகள் பக்கம் திரும்பினார். எட்டு மாதமாக அவளை வீட்டுக்கு வா என்று ஒரு வார்த்தை அவர் கூப்பிட்டதில்லை. "ஞாயித்துக்கெழம வருவ இல்ல? போட்டுனு வாம்மா."