ஹெல்மெட்டோடு நீரூற்று பார்க்கப் போனவன்

என் தம்பி நீரூற்று பார்க்க ஹெல்மெட் போட்டுக்கொண்டு வந்தான். வண்டியில் அல்ல, நடந்து. வந்ததே பெரிசு என்று நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது லேசில் வராது. நான் பஸ் கண்டக்டர்.

அவனுக்குப் பேக்கரியில் அடுப்பு வேலை. நாலு மாதத்துக்கு முன் கேஸ் குப்பென்று பிடித்து, முகத்தின் ஒரு பக்கம் வெந்துபோனது. புண் ஆறியும் அவன் வாசலைத் தாண்டவில்லை. குளியலறைக் கண்ணாடியைக்கூடக் காலண்டர் மாட்டி மறைத்துவிட்டான். முதலாளி நல்ல மனுஷர், அவன் இடத்தைக் காலியாகவே வைத்திருந்தார். ஆனால் அவருக்கும் கடை ஓட வேண்டுமே. “திங்கக்கிழமை வந்தா சரி. இல்லேன்னா வேற ஆள் பாத்துக்கறேம்மா” என்று என்னிடம் சொல்லிவிட்டார். நாங்கள் நீரூற்றுக்குக் கிளம்பியது சனிக்கிழமை சாயங்காலம். அன்றைக்கு அவனைத் தெருவில் இறக்காவிட்டால் அப்புறம் நடக்காது என்று எனக்குத் தெரியும். தலைகீழாக நின்றாவது இறக்கிவிடுவது என்று இருந்தேன்.

நீரூற்றுக்குக் காரணம் உண்டு. சாயங்கால டிரிப்பில், நீரூற்று வண்ண விளக்கில் ஆடும் அந்த ரவுண்டானாவைப் பஸ் சுற்றும்போது அத்தனை தலையும் ஜன்னல் பக்கம் திரும்பிவிடும். ‘டிக்கெட், டிக்கெட்’ என்று நான் தொண்டை கிழியக் கத்தினாலும் ஒருத்தர் என்னைப் பார்க்க மாட்டார். தினமும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யாரும் யாரையும் பார்க்காத இடம் இந்த ஊரில் அது ஒன்றுதான்.

“கடைசியில நிப்போம். முடியறதுக்குள்ள கெளம்பிடலாம். ஒரு பய உன்னைத் திரும்பிப் பாக்க மாட்டான்” என்று அவனிடம் சத்தியம் செய்திருந்தேன்.

விளக்கு எரிந்தது. தண்ணீர் சிவப்பாக எழும்பிப் பச்சையாக விழுந்தது. கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. எல்லார் முகமும் ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் பச்சை.

“எப்படிடா இருக்கு?”

“ஒண்ணும் தெரியலக்கா. ஹெல்மெட் கண்ணாடி பூரா கீறல்.”

“அப்ப கழட்டித் தொலை.”

தாடைப் பட்டையை அவிழ்த்தான், மறுபடி மாட்டினான். பிறகு கழற்றி என் கையில் திணித்தான். நான் அவன் பக்கமே திரும்பவில்லை. திரும்பினால் மறுபடியும் மாட்டிக்கொள்வான்.

தண்ணீர் வெள்ளை விளக்கில் உச்சிக்குப் போனால் முடியப்போகிறது என்று அர்த்தம். போனது. அவன் முழங்கையைப் பிடித்து இழுத்தேன்.

“வாடா, இப்ப எல்லாரும் திரும்புவாங்க.”

“இரு.”

“டேய்!”

“முழுசா பாத்துட்டுத்தான் வருவேன். நீதானே கூட்டிட்டு வந்தே?”

தண்ணீர் அடங்கியது. தெருவிளக்குகள் பளிச்சென்று எரிந்தன. மொத்தக் கூட்டமும் எங்கள் பக்கம் திரும்பியது. பார்த்தார்கள். சிலர் கடந்து போய் மறுபடியும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி தன் குழந்தையின் முகத்தை அப்பால் திருப்பினாள். அவளை அறையலாம் போலிருந்தது. தம்பி ஒரு அடி நகரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, எல்லாரும் போகிறவரை நின்றான். உதடு மட்டும் நடுங்கியது.

“திங்கக்கிழமை உன் பஸ்லயே வரேன்” என்றான். “சீட் போட்டு வை.”

“டிக்கெட் எடுத்தாத்தான் சீட்டு.”

சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. சட்டென்று ஹெல்மெட்டை என் தலையில் மாட்டிக்கொண்டேன்.

“உனக்கு எதுக்குக்கா இப்ப அது?”

“வாயை மூடிக்கிட்டு நட” என்றேன்.